ராத்திரி ரொட்டி

டவர் கிரேன் ஓட்டுகிறவரை வேலையிடத்தில் எல்லோரும் பருந்து என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் ஏணியேறிப் போய்க் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால், சாப்பாட்டு நேரத்துக்குத்தான் அவர் கால் தரையில் படும். யார் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் படுத்துத் தூங்குகிறார், யார் மூட்டை தூக்குகிற சாக்கில் போனில் கொஞ்சிக்கொண்டிருக்கிறார், எல்லாம் அங்கிருந்து தெரியும். ஆனால் ஒருத்தரையும் ஒரு நாளும் அவர் காட்டிக்கொடுத்ததில்லை. மேலே இருக்கிறவனுக்குக் கண் மட்டும் போதும், வாய் வேண்டாம் என்பார்.

அவர் கண்ணுக்கும் எட்டாத இடம் ஒன்று இருந்தது. கட்டடத்தின் மறுபக்கம் சுமை இறங்கும்போது சுவர் மறைத்துவிடும். அங்கே அவருக்குக் கண், நெட்டையின் குரல். நெட்டை அவர் மனைவியின் தம்பி. தலையில் மஞ்சள் தொப்பியும் கையில் வாக்கி-டாக்கியுமாகக் கொக்கிக்குக் கீழே நின்று, "எறக்குங்க மாமா, இன்னும் ஒரு சாண், போதும்" என்று அவன் சொல்லச் சொல்ல, மேலே பருந்தின் கையில் லீவர் நகரும். வருஷக்கணக்காக அந்தக் குரலை நம்பியே சுமை இறக்கியவர் அவர். ஒரு செங்கல்கூடத் தவறி விழுந்ததில்லை.

நெட்டை சின்ன வயதிலேயே அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். பருந்துக்குப் பிள்ளைகள் இல்லை. மச்சினனைத்தான் மகன் மாதிரி வளர்த்தார். வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான், கிரேன் லைசன்ஸுக்கு எழுத வைத்ததும் அவர்தான். லைசன்ஸ் கைக்கு வந்தும் கூண்டு காலியாகாததால் அவன் தரையிலேயே நின்றான். இப்போது தனி வீடு பார்த்துப் போய்விட்டாலும், ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சாப்பாட்டுக்கு அக்கா வீடுதான்.

அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாங்க வந்தவர்களிடம், "இந்த பிரேம் உங்க மூஞ்சிக்கு எடுபடல" என்று பட்டென்று சொல்லிவிடுவாள். இவளை வைத்து வியாபாரம் பண்ணினால் நான் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று முதலாளி அலுத்துக்கொள்வார். ஆனால் அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று தேடி வருகிறவர்கள் அதிகமானதால் அவளை வேலையை விட்டு அனுப்பவும் மாட்டார். பொய் பேசத் தெரியாத பெண்டாட்டி என்று பருந்துக்கு உள்ளுக்குள் பெருமை.

அவள் பிறந்த நாள் அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது.

பிறந்த நாள் என்றால் ராத்திரி ரொட்டி. ராத்திரியெல்லாம் பாலில் ஊறுவதால் அந்தப் பெயரை அவர்களாக வைத்துக்கொண்டார்கள். கல்யாணமான புதிதில், கடை முதலாளி வீட்டு விசேஷத்துக்காக ஒரு பெரிய ஓட்டலில் தங்கியபோது காலையில் அதைப் பரிமாறினார்கள். ஒரு வாய் வைத்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கூச்சம் மறந்து இரண்டாவது தடவையும் தட்டை நீட்டினாள். அதைப் பார்த்த பருந்து ஓட்டலின் பின்கட்டுக்குப் போய், விரட்ட விரட்ட நகராமல் நின்று, சமையல்காரரிடம் பக்குவத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பழைய ரொட்டியாக இருக்க வேண்டும், வெண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது, அவசரப்படுகிறவன் இதில் கை வைக்கவே கூடாது. இவ்வளவுதான் அவர் சொன்னது. மீதியைப் பருந்து கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் குளித்துவிட்டு அடுக்களைக்குள் நுழைந்தார். இரண்டு நாள் முன்னதாகவே வாங்கி வைத்த ரொட்டி நன்றாக வறண்டிருந்தது. புது ரொட்டி பாலைக் குடித்துக் கூழாகிவிடும். வறண்ட ரொட்டிதான் குடித்த பிறகும் தன் உருவத்தை விடாது. அதைத் தடித் தடியாக வெட்டினார். கண்ணாடித் தட்டின் அடியிலும் ஓரத்திலும் விரலாலேயே வெண்ணெய் பூசி, துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து, ஓடு வேய்கிற மாதிரி அடுக்கினார். முட்டையை உடைத்து ஊற்றி, பாலும் கிரீமும் சர்க்கரையும் பட்டைத் தூளும் சேர்த்து, நுரை வராமல் அடித்தார். நுரை வந்தால் மேல்பக்கம் பொத்தல் பொத்தலாகிவிடும்.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். பாத்திரத்துக்குள் ஒரு ஸ்பூனை விட்டு எடுத்து நக்கிப் பார்த்தாள்.

"இனிப்பு போதுமா?" என்று கேட்டார்.

"போதும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எதுக்குங்க இவ்வளவு மெனக்கெடறீங்க" என்றாள்.

வருஷா வருஷம் கேட்கிற கேள்விதான் என்று நினைத்து, அவர் சிரித்துக்கொண்டார். பாலை ரொட்டியின் மேல் சுற்றிலும் ஊற்றி, ஒரு தட்டால் மெல்ல அழுத்தி, மூடி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தார். அவர் கை கழுவித் துடைக்கும் வரையில் அவள் அங்கேயே நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி இருந்தது. பிறகு, துணி மடிக்க வேண்டும் என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

இந்த இடத்தில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அதற்குச் சில வாரங்கள் முன்னால், ஒரு கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது, கூண்டுக்குள் பருந்துக்குத் தலை சுற்றியது. சும்மா கிறுகிறுப்பு இல்லை. உலகமே ஒரு பக்கமாகச் சரிந்து கவிழ்கிற மாதிரி. லீவரை அப்படியே நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "என்ன மாமா, நின்னுடுச்சு?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. காத்து என்று சமாளித்தார். சற்றைக்கெல்லாம் எல்லாம் நேரானது. சுமையை இறக்கினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

அதை அவர் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னார். மொட்டை மாடி போட்டு முடிக்கட்டும், பிறகு டாக்டரைப் பார்க்கிறேன், அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே என்றார். அவள் உடனே போகச் சொன்னாள், கெஞ்சினாள், சண்டை போட்டாள். அவர் பிடித்த பிடியை விடவில்லை. அடித்தளத்திலிருந்து தூக்கிக் கொடுத்த கட்டடத்தைக் கடைசி மாடியில் விட்டுவிட்டு இறங்க அவருக்கு மனசில்லை. கடைசியில் அவர் கையைப் பிடித்து, சொல்லமாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். இரண்டாவது தடவை தலை சுற்றியபோதும் அவளிடம் மறைக்கவில்லை. வேறு யாரிடம் சொல்ல?

ஞாயிற்றுக்கிழமைக் காலை மனைவி குளிக்கப் போனபோது, பருந்து தட்டை வெளியே எடுத்தார். ரொட்டி பாலையெல்லாம் குடித்துவிட்டு உப்பிக் கிடந்தது. ஓவனைச் சூடாக்கி, தட்டை மூடியபடியே உள்ளே வைத்தார். பழுப்புச் சர்க்கரையையும் வெண்ணெயையும் உடைத்த முந்திரிப் பருப்பையும் விரல் நுனியால் உதிர்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. போர்மேன்.

லீவு நாளில் கூப்பிட்டதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டார். நாளைக்கு நேராக ஸ்டோருக்கு வந்துவிடு, மேலே நெட்டை ஏறட்டும், ஆபீசில் எல்லாம் பேசியாகிவிட்டது என்றார். பருந்துக்குப் புரியவில்லை. எதற்கு என்று கேட்டார்.

"எதுக்கா? உன் தலைசுத்தல் விஷயம்தான்" என்றார் போர்மேன். "நீயே வந்து சொல்லியிருக்கலாம், நான் என்ன கடிச்சா தின்னுடப்போறேன்? சம்சாரத்தையும் மச்சானையும் அனுப்பி வெச்சிருக்கே. பரவால்ல. அவருக்குச் சொல்லக் கூச்சமா இருக்கு, அதான் என்னை அனுப்பினாருன்னு அந்தம்மா எவ்வளவு தன்மையாச் சொன்னாங்க தெரியுமா? குடுத்து வெச்சவன்யா நீ."

என்றைக்கு வந்தார்கள் என்று மட்டும் பருந்து கேட்டார். வியாழக்கிழமை என்றார். வியாழக்கிழமை கடையில் சரக்குக் கணக்கு எடுக்கிறோம், வர நேரமாகும் என்று அவள் சொல்லியிருந்தாள். அவரே சோறு வடித்து, அவளுக்காகச் சாப்பிடாமல் காத்திருந்த நாள் அது.

போனை வைத்துவிட்டு அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை சுற்றவில்லை. சுற்றியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், அதன் மேல் பழியைப் போட்டிருக்கலாம். எல்லாம் தெளிவாக, அதது அதனதன் இடத்தில் இருந்தது. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நேற்று இதே இடத்தில் நின்று ஸ்பூனை நக்கியவள். வேலை போனதா, கூண்டு போனதா என்பதெல்லாம் அப்போது அவருக்கு உறைக்கவில்லை. நான் அனுப்பினேனாமா? பெண்டாட்டியை முன்னால் விட்டு முந்தானைக்குப் பின்னால் ஒளிகிறவனாகவா என்னை அத்தனை பேர் முன்னால் நிறுத்திவிட்டு வந்தாள்? அதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

ஓவனை அணைத்துவிட்டுத் தட்டோடு குப்பையில் கொட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பாதி வெந்ததைத் தூக்கியெறிய அவருக்குக் கை வரவில்லை. மூடியை எடுத்து, உதிர்த்து வைத்ததை மேலே தூவி, மறுபடி உள்ளே தள்ளினார். மேல்பக்கம் சிவந்து, ஓரம் மொறுமொறுத்து, நடுவில் தட்டினால் தளதளவென்று ஆடுகிற பதத்தில் எடுத்தார். சொல்லப்போனால் அவர் செய்ததிலேயே நன்றாக வந்தது அன்றைக்குத்தான்.

நெட்டை அக்காவுக்கு ஒரு கைப்பை வாங்கிக்கொண்டு வந்தான். வாசல் கதவில் தலை இடிக்காமல் குனிந்து வந்து, "வாசனை தெருமுனை வரைக்கும் வருது மாமா" என்றான். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மொறுமொறுத்த ஓரத் துண்டு அவளுக்குப் பிடிக்கும். பருந்து அதையே வெட்டி அவள் தட்டில் வைத்தார். அவனுக்கு நடுத்துண்டு. தனக்கு வைத்துக்கொண்டதை அவர் தொடவில்லை.

சொல்லட்டும் என்று காத்திருந்தார். இரண்டு பேரில் ஒருத்தர் வாயைத் திறந்து, இந்த மாதிரி செய்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது. நெட்டை பக்கத்து வீட்டுக்காரரின் நாயைப் பற்றிப் பேசினான். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிப் பார்த்தாள். ரொட்டியைப் பற்றி இரண்டு பேரும் ஆளுக்கொரு தடவை புகழ்ந்தார்கள்.

கடைசியில் அவரே வழியைத் திறந்துவிட்டார். "நாளைக்கு என்ன வேலை, மாப்ள?" என்றார்.

"வழக்கம்போலதான் மாமா" என்றான் நெட்டை. சொல்லிவிட்டு, இன்னும் ஒரு துண்டு என்று தட்டை நீட்டினான்.

பருந்து பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தார். பிறகு, அடுத்த வீட்டுச் சங்கதி பேசுகிற குரலில், "மேல நாளைக்குக் காத்து பலமா இருக்குமாம். ஏறினதும் முதல்ல பிரேக்கப் பாத்துக்க. இடது கை லீவர் கொஞ்சம் இறுகலா இருக்கும், பழகிட்டா சரியாயிடும்" என்றார்.

நெட்டை மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். அவள் தலையைத் தூக்கவில்லை.

"அக்காதான் மாமா, இன்னிக்குச் சாப்பிட்டு முடியட்டும், அப்புறமா சொல்லிக்கலாம்னு…" என்று இழுத்தான் நெட்டை.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றாள் அவள். இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "அந்தக் கம்பிக் கட்டு இவன் தலைக்கு மேல நின்னுச்சுங்க. உங்களுக்கு அது காத்துன்னு சொல்லித் தாண்டிப்போற விஷயம். எனக்கு மேல இருக்கறதும் நீங்க, கீழ நிக்கறதும் இவன். நான் எங்க போவேன்? எத்தனை தடவை உங்களைக் கெஞ்சினேன்?"

கெஞ்சினது நிஜம். நெட்டை கொக்கிக்குக் கீழே நின்றதும் நிஜம். அது அவருக்குத் தெரியாமலில்லை. தெரிந்தே பிடிவாதம் பிடித்தார் என்பதும் தெரியும்.

"ஆபீசுக்குப் போனது தப்புன்னு நான் சொல்லல" என்றார். "போய்ச் சொல்லிட்டு, அன்னிக்கே வந்து, இப்படிச் செஞ்சுட்டேன்னு என் முகத்தைப் பாத்துச் சொல்லியிருந்தா, ரெண்டு நாள் கத்தியிருப்பேன், அடங்கியிருப்பேன். நான் அனுப்பினேன்னு எதுக்குச் சொன்னே?"

"நீங்க மறைச்சீங்கன்னு தெரிஞ்சா வேலையை விட்டே தூக்கிடுவாங்கன்னு பயந்தேன்."

"சரி. நேத்து?"

அவள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அவர் விடவில்லை. "நேத்து சாயங்காலம் என் பக்கத்துல நின்னு இனிப்பு போதும்னு சொன்னியே. அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"ஒரு நாளாவது நிம்மதியா விடியட்டும்னு நினைச்சேன்" என்றாள்.

"யாருக்கு?" என்று கேட்டார் பருந்து.

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. நெட்டை எழுந்து நின்றான். "நான் ஏற மாட்டேன்னு போர்மேன்கிட்ட சொல்லிடறேன் மாமா" என்றான்.

"ஏறு" என்றார். "வேற எவனாவது ஏறினா எனக்கு இன்னும் பயம். ஆனா வழக்கம்போலன்னு சொன்னே பாரு, அதை மட்டும் என்னால செரிக்க முடியல."

தொடாத தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் மூடி வைத்தார். பிறகு கண்ணாடித் தட்டை ஊறப்போட்டு, அடிப்பிடித்த சர்க்கரையைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவினார். நெட்டை எப்போது போனான் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து அவர் ஸ்டோரில். தலைக்கவசம், கயிறு, கையுறை கொடுத்து வாங்கும் வேலை. போர்மேன் நல்ல மனசோடுதான் ஒரு யோசனை சொன்னார்: உன்னைவிடச் சுமை தெரிந்தவன் யாரிருக்கிறான், கீழே நின்று நெட்டைக்குச் சைகை சொல்லேன் என்று. பருந்து முடியாது என்றார். காரணம் கேட்டதற்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்றார். இத்தனை வருஷம் கண்ணாடிக் கூண்டில் வெந்தவன் சொல்கிற பேச்சா இது என்று போர்மேன் சிரித்துவிட்டுப் போனார். அந்த வாக்கி-டாக்கியின் எந்த முனையிலும் இனி நிற்பதில்லை என்று அவர் முடிவு செய்திருந்தது வேறு யாருக்கும் தெரியாது.

வேலையாட்கள் விட்டுவைப்பார்களா? பருந்து முட்டையிட இறங்கிவிட்டது என்று ஒருத்தன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால், சொல்லத் தைரியமில்லாமல் பெண்டாட்டியை அனுப்பினாராமே என்று கயிறு வாங்க வந்த இரண்டு பேர் முதுகைத் திருப்பிக்கொண்டு பேசியது காதில் விழுந்தபோது சிரிக்க முடியவில்லை. அதை மறுக்கவும் முடியவில்லை. மறுத்தால் அவளைப் பொய்க்காரி ஆக்க வேண்டும்.

மொட்டை மாடி போட்டு முடித்த நாளில் எல்லோரும் மேலே போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். பருந்து ஸ்டோரில் கையுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் தனியாகத்தான் போனார். உள்காதில் கோளாறு, மருந்தில் அடங்கும், ஆனால் இனிமேல் உயரத்தில் ஏறுகிற பேச்சே கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து மனைவி கேட்டபோது, ஒன்றுமில்லையாம் என்றார். வீட்டில் சண்டை எதுவும் இல்லை. கதவைப் பூட்டினாயா, பால் பொங்குகிறது பார், மழை வருகிற மாதிரி இருக்கிறது என்கிற பேச்செல்லாம் நடந்தது. தலைக்குள் நடப்பதை மட்டும் அவர் அவளிடம் சொல்வதை நிறுத்திவிட்டார். மூன்றாவது தடவை சுற்றியது, நாலாவது தடவையும் சுற்றியது. கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமா என்று அவள் கேட்டால் ஆமாம் என்றார்.

நெட்டை சில வாரம் வராமலிருந்துவிட்டுப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தான். பருந்து அவனுக்குப் பரிமாறினார். காற்றைப் பற்றிக் கேட்டார், பிரேக்கைப் பற்றிக் கேட்டார். மாப்ள என்று மட்டும் கூப்பிடவில்லை, தம்பி என்றார். அவனும் அதைக் கவனித்தான்.

ஒரு நாள் டாக்டரைப் பார்த்துவிட்டு அவர் வெளியே வந்தபோது, வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். கடைக்கு லீவு போட்டுவிட்டு அவர் பின்னாலேயே வந்திருக்கிறாள். அவர் பக்கத்தில் போய் நின்றார். உட்காரவில்லை.

"உள்ள போய் டாக்டர்கிட்ட நானே கேட்டிருப்பேன்" என்றாள். "கேக்கல. உங்ககிட்டதான் கேக்கணும்னு வெளிய உக்காந்துட்டேன்."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் அந்த மாதிரி வந்தா, அதையேதான் செய்வேன்" என்றாள். "போய்ச் சொல்வேன். அதுல மாத்தமில்ல. ஆனா உங்ககிட்ட சொல்லிட்டுப் போவேன். நீங்க கத்தினாலும் சரி, மூஞ்சியத் திருப்பிக்கிட்டாலும் சரி. அதைத்தான் அன்னிக்கு நான் செய்யல."

மன்னிச்சுடுங்க என்று அவள் இந்த மாதங்களில் எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். அதெல்லாம் அவர் காதில் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தது. இது அப்படியில்லை. கேட்க இனிப்பாக இல்லாததாலோ என்னவோ, இதை அவரால் நம்ப முடிந்தது. ஆனாலும் நெஞ்சில் இருந்த முள் அங்கேயேதான் இருந்தது. மனசுக்குள் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பஸ் வந்தது. கூட்டமில்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார், அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆற்றுப் பாலம் தாண்டியதும், உள்காதில் கோளாறாம், இனிமேல் உயரத்தில் ஏறக் கூடாதாம் என்றார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அவள் ம் என்று கேட்டுக்கொண்டாள். போன வாரம் குளியலறையில் விழப்பார்த்ததை அவர் சொல்லவில்லை.